பட்டியலில் இல்லாத பாவனை

ஐறீன் அந்தக் கையெழுத்தைப் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்றரை மணிக்கு. நான்கு மணிக்குப் பிறகு மேலதிகாரி பற்றிக் சேர் கதிரையில் இருக்க மாட்டார். அதற்கு முன்னம் பைல் அவருடைய மேசைக்குப் போயாக வேண்டும் என்று பியோன் இரண்டு தரம் வந்து நின்றுவிட்டுப் போயிருந்தார்.

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் இருந்த பழைய களஞ்சியக் கட்டடம் பற்றிய பைல் அது. ஒரு காலத்தில் கொப்பறா அடுக்கி வைத்த இடம். புவாத் என்பவர் அதை வாடகைக்கு எடுத்து ஆராய்ச்சி நிலையம் நடத்த அனுமதி கேட்டிருந்தார். பழுதாகிப்போன மின்சார ஓட்டோக்களின் பற்றரிகளைப் பிரித்து, இன்னும் வேலை செய்யக்கூடிய செல்களைத் தெரிந்தெடுத்து, கரண்ட் போகும் நேரத்தில் வீடுகளுக்குக் கைகொடுக்கும் பெட்டிகளாகச் செய்து பார்க்கிற ஆராய்ச்சி.

விண்ணப்பத்தில், கட்டடம் எதற்குப் பயன்படும் என்று எழுத, ‘பாவனை வகை’ என்று ஒரு கட்டம் உண்டு. அந்தப் பகுதி குடியிருப்பும் கடைகளும் கலந்த வலயம். எந்தப் பாவனைக்கு அங்கே இடமுண்டு, எதற்கு இல்லை என்று ஒரு பட்டியல் இருந்தது. அலுவலகம், கடை, பாடசாலை, மருந்தகம் ஆகலாம். களஞ்சியமும் சிறு கைத்தொழிலும் ஆகாது. ஆராய்ச்சி நிலையம் என்ற சொல் பட்டியலில் எந்த இடத்திலும் இல்லை. அதை எழுதியவர்கள் அப்படியொன்று கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் வரும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ஐறீன் பைலைத் தூக்கிக்கொண்டு பற்றிக் சேரின் அறைக்குப் போனாள். திட்டமிடல் அலுவலகத்தில் அவளுக்கு மேல் இருந்தவர் அவர்தான்.

“சேர், இது ஒண்டுக்குள்ளயும் அடங்குதில்ல.”

“கம்பியூட்டர் இருக்கா?”

“ஓம், சேர். படிவத்தில அப்பிடித்தான் போட்டிருக்கு.”

“மேசை, கதிரை?”

“இருக்கு.”

“அப்ப ஒபிஸ்தானே. புது டெக்னோலஜி வேலைகள இழுத்தடிக்க வேண்டாம் எண்டு மேல இருந்து கடிதம் வந்திருக்கு, தெரியும்தானே? புதன்கிழமை கொமிற்றி. இப்ப ஏத்தினாத்தான் நிகழ்ச்சி நிரல்ல வரும்.”

“நான் இன்னும் இடத்தைப் போய்ப் பாக்கேல்ல, சேர்.”

“திங்கட்கிழமை போய்ப் பாருங்க. நாலு படம் எடுத்து உள்ளுக்கு வையுங்க. கையெழுத்த இப்ப போடுங்க.”

பதினொரு வருடமாக அந்த அலுவலகத்தில் இருந்தவள் அவள். அடுத்த மாதம் பதவி உயர்வு நேர்முகம். அவள் கட்டத்தில் ‘அலுவலகம்’ என்று எழுதி, ‘இடம் பார்வையிடப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட்டு, திகதியை மட்டும் வெறுமையாக விட்டாள்.

திங்கட்கிழமை காலை மேசைத் தட்டில் சேர்ந்து கிடந்த கடிதங்களைப் புரட்டும்போது அடியில் ஒரு நீல நிறக் கடித உறை அகப்பட்டது. தமிழில் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் பதிவு செய்கிற பெண் அவளுடைய தட்டில்தான் போட்டுவிட்டுப் போவாள். முத்திரையைப் பார்த்தாள். ஒன்பது நாட்களுக்கு முன் வந்த கடிதம்.

ஒற்றைத் தாளில், கோடு பிசகாத எழுத்தில், சவுந்தரநாயகம் என்று ஒருவர் எழுதியிருந்தார். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். புவாத்தின் கட்டடத்துக்கு ஒட்டின வீடு. ‘எனக்கு ஒரு கால் இல்லை. கட்டிலை விட்டுத் தனியே எழும்ப ஏலாது. என் கட்டில் இருக்கும் சுவர் பத்து நாளாகப் பின்னேரங்களில் சுடுகிறது. சமையலறைச் சுவர் சுட்டால் விளங்கும். இது படுக்கையறைச் சுவர். தயவுசெய்து ஒருவரை அனுப்பிப் பார்க்கவும்.’

ஐறீன் அந்தக் கடிதத்தை இரண்டாம் தரம் வாசிக்கவில்லை. அளவுநாடாவையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

ஒழுங்கைக்குள் நுழையும் இடத்திலேயே நாடாவை விரித்து அளந்தாள். எட்டு அடி பத்து அங்குலம். அதற்குள்ளும் ஒரு பக்கம் முழுக்க மோட்டார் சைக்கிள்கள் நின்றன. எதிரே பாண், பணிஸ் விற்றபடி வந்த ஓட்டோ அவளைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்துவிட்டுப் பாட்டுப் போட்டபடி போனது.

புவாத் வாசலிலேயே காத்திருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சேர்ட், பளபளக்கிற சப்பாத்து. “வாங்க மிஸ், வாங்க. டீ போடச் சொல்லவா?” என்றான். அவனுக்குப் பின்னால், நீல மேலங்கியும் தலையில் ஸ்காபுமாக ஒரு பெண் நின்றாள். “இது நிம்றா. எங்கட எஞ்சினியர். எல்லா டெஸ்டும் இவதான் செய்ற.”

முன்மண்டபம் துப்புரவாக இருந்தது. நான்கு கம்பியூட்டர்கள், வெள்ளை மேசைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் வயர் கோர்த்த செல்கள், சுவரில் இரண்டு தீயணைப்புக் கருவிகள். புவாத் உற்சாகமாகக் கதைத்தான். நாடு முழுக்க கரண்ட் இல்லாமல் கிடந்த அந்த வருடத்தில், வெள்ளவத்தையில் அவனுடைய வாப்பாவின் பார்மஸியில் ஃபிரிட்ஜ் நின்று, இன்சுலின் முழுவதும் பழுதாய்ப் போனதாம். “வாங்க வந்த ஆக்களுக்கு இல்லை எண்டு வாப்பா ஒவ்வொருத்தராச் சொன்னார், மிஸ். நான் பக்கத்தில நிண்டேன். அண்டைக்கு நினைச்சதுதான் இது.”

அவன் சொன்னது பொய்யாக அவளுக்குப் படவில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

“எத்தனை செல் இருக்கு இஞ்ச?”

“நூறு. கூடினா நூத்தம்பது. போம்ல போட்டதுதான்.”

நிம்றா நிலத்தைப் பார்த்தாள்.

மண்டபத்தின் பின்பக்கம் ஒரு இரும்புக் கதவு பூட்டியிருந்தது. கதவின் அடியால் தடித்த வயர்கள் இரண்டு உள்ளே போயின.

“அது என்ன அறை?”

“ஸ்டோர், மிஸ். பழைய மேசை கதிரை ஈக்கிது.”

“மேசை கதிரைக்குக் கரண்ட் எதுக்கு?”

புவாத் சிரித்தான். “லைட் ஒண்டு ஈக்கிது, மிஸ். சாவி எங்கட ஸ்டோர் கீப்பர்ட கையில. அவர் இண்டைக்கு லீவு.”

ஐறீன் வயர்கள் போகும் இடத்தைப் படம் எடுத்தாள். வெளியே வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

திறந்தவள் சவுந்தரநாயகத்தின் மனைவி நேசம். மெல்லிய, பரபரப்பான மனுஷி. “கடிதத்துக்கு ஆள் வந்திருக்கு” என்று உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். அறைக்குள் சவுந்தரநாயகம் கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கட்டிலோடு சக்கர நாற்காலி.

“ஒன்பது நாள்” என்றார் அவர், வணக்கம் கூடச் சொல்லாமல்.

“ஓம், ஐயா. பிழை என்ரதான். இண்டைக்குத்தான் பாத்தனான்.”

அவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை போலும். தலைமாட்டுச் சுவரைக் காட்டினார். ஐறீன் உள்ளங்கையை வைத்தாள். காலை பதினொரு மணிகூட ஆகவில்லை. வெயில் அந்தப் பக்கம் விழவே வழியில்லை. ஆனால் சுவர், இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த கேத்தலைத் தொட்டது போல இருந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

“நேற்று இவ்வளவு இல்ல” என்றார் அவர். “நான் ஹாபரில ஆபத்தான சரக்குப் பக்கம் வேலை செய்தனான். எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில எந்தப் பெட்டி வைக்கக் கூடாது எண்டு அங்க கோடு கீறி இருக்கும். அந்தப் பொடியன் கெட்டவன் எண்டு நான் சொல்லேல்ல. காலையில கண்டா சலாம் சொல்லிட்டுத்தான் போவான். ஆனா ஓட்டோவில வந்திறங்கின பெட்டியள நான் யன்னலால எண்ணினனான். அவன் நூறு செல் எண்டு சொன்னவன். நூறு இல்ல, பிள்ளை. ஆயிரக்கணக்கு.”

ஐறீன் திரும்பி ஒழுங்கைக்கு ஓடி வந்தாள். புவாத் வாசலில் யாருடனோ போனில் கதைத்துக்கொண்டிருந்தான்.

“கதவத் திறவுங்க.”

“மிஸ், நான் சொன்னேன்தானே, சாவி—”

“பூட்டை உடையுங்க. இல்லாட்டி நான் இப்பவே தீயணைப்புக்குப் போன் அடிக்கிறன்.”

“ஏன் மிஸ் இப்பிடி? வியாழக்கிழமை எங்களுக்குக் காசு போடுற பெரிய ஆக்கள் வாராங்க. எட்டுக் கிழமையா ஓடுற டெஸ்ட் அது. இப்ப திறந்து நிப்பாட்டினா எல்லாம் முதல்ல இருந்து...” சொல்லி முடிக்குமுன்னே தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கே விளங்கிவிட்டது.

நிம்றா மேலங்கிப் பைக்குள் கையை விட்டு ஒரு சாவியை எடுத்தாள்.

“நிம்றா!”

“போதும், நானா” என்றாள் அவள், அண்ணனிடம் சொல்வது போல. “சனிக்கிழமை ஏசி நிண்டதில இருந்து மூணு தரம் சொன்னேன்.”

கதவு திறந்ததும் முகத்தில் வெக்கை அடித்தது. ஒரு தனி பல்ப் வெளிச்சத்தில் கூரைவரை இரும்புத் தட்டுகள். தட்டுத் தட்டாகக் கறுத்த பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பச்சைப் புள்ளியாக ஒரு விளக்கு. ஐறீன் எண்ணப் பார்த்தாள், முடியவில்லை. சவுந்தரநாயகத்தின் சுவரோடு ஒட்டின தட்டில், கீழிருந்து மூன்றாவது பெட்டியின் விளக்கு சிவப்பாக இருந்தது. அந்தப் பெட்டியின் மூடி நடுவில் உப்பி, ஆணி கழன்று நின்றது.

நிம்றா ஒரு அடி உள்ளே வைத்து மூக்கைச் சுருக்கினாள். “மணம் வருதா, மிஸ்? நெயில் பொலிஷ் மாதிரி?”

“ஓம்.”

“செல் ஒழுகுது, வெடிக்கும்! வெளியே போங்க. எல்லாரும் வெளியே போங்க! அந்தப் பக்கத்து வீட்டு ஆக்கள முதல்ல எடுங்க!” அவள் மண்டபத்தின் மறுபக்கம் இருந்த பெரிய சுவிட்ச் பலகையை நோக்கி ஓடினாள்.

ஐறீன் ஓடிக்கொண்டே தீயணைப்புக்கு அழைத்தாள். ஒழுங்கையின் பெயரைச் சிங்களத்தில் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. நேசம் விஷயத்தைக் கேட்டதும் கணவனிடம் போகாமல் அலுமாரியைத் திறந்தாள்.

“அக்கா, என்ன தேடுறீங்க?”

“அடையாள அட்டை. ரெண்டு பேரிட அடையாள அட்டையும் இதுக்குள்ளதான்...”

“விடுங்கோ அக்கா, பிறகு எடுக்கலாம்!”

“பிறகு எண்டு சொல்லித்தான் ஒருக்கா கலவரத்தில எல்லாத்தையும் விட்டிட்டு ஓடினனாங்கள்” என்று நேசம் கத்தினாள். ஐறீனும் சேர்ந்து துணிகளை இழுத்துப் போட்டுத் தேடினாள். பொலித்தீன் பைக்குள் இருந்தது. அகப்பட்டது.

சவுந்தரநாயகத்தை நாற்காலியில் இருத்தி வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்கு மேல் போகவில்லை. படிக்கு நேரே இரண்டு மோட்டார் சைக்கிள்கள், ஹாண்டில் பூட்டுப் போட்டு நின்றன. புவாத்தின் ஆட்களுடையவை. சுவருக்குப் பின்னால், பாத்திரம் ஒன்று விழுந்தது போல ஒரு சத்தம். பிறகு சீறல்.

“நான் இருக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ” என்றார் சவுந்தரநாயகம், மிகச் சாதாரணமாக. “நேசம், போ.”

நேசம் அவருடைய தோளைப் பிடித்தபடி நின்றாள். போகவில்லை.

அப்போதுதான் புவாத் வந்தான். மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான். சப்பாத்து இரண்டையும் உதறி எறிந்துவிட்டு, சைக்கிள் இருக்கைக்கு மேலால் ஏறி வாசலுக்குள் குதித்து, முதுகைக் காட்டிக் குந்தினான்.

“ஏறுங்க, அங்கிள்.”

கிழவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அவன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டார். புவாத் எழும்பினான். ஐறீன் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்க, அவன் சைக்கிள்களுக்கு மேலால் தடுமாறி இறங்கி, வெறுங்காலோடு ஒழுங்கை வழியே ஓடினான். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அவனுக்கு முன்னும் பின்னும் ஓடினார்கள்.

பெருந்தெருவுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது முதல் வெடிச் சத்தம் கேட்டது. பிறகு வரிசையாக, சீன வெடிக்கட்டுக்கு நெருப்பு வைத்தது போல. கூரை ஓடுகளுக்கு இடையால் வெள்ளைப் புகை வந்தது.

“நிம்றா எங்க?” என்றாள் ஐறீன்.

கிழவரைக் கடைப் படியில் இறக்கிவிட்டுப் புவாத் திரும்பவும் ஒழுங்கைக்குள் ஓடப் பார்த்தான். மீன்கடைக்காரர் இருவர் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். “என்ன விடுங்க! அந்தப் புள்ள உள்ளுக்கு!” என்று அவன் கத்தினான்.

தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. ஆனால் ஒழுங்கை வாயிலிலேயே நின்றது. அதற்கு மேல் போக வழியில்லை. ஆட்கள் இறங்கி, சைக்கிள்களைத் தூக்கி ஓரமாக எறிந்து, குழாயோடு குழாய் பொருத்தி, கையால் இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் போன நேரத்தை ஐறீன் பிறகு அறிக்கையில் பதினான்கு நிமிடம் என்று எழுதினாள். நிற்கும்போது அவளுக்கு அது ஒரு மணித்தியாலமாக இருந்தது.

நிம்றாவை முதலில் கண்டது நேசம். புகைக்குள்ளிருந்து இரண்டு தீயணைப்புக்காரர்களுக்கு நடுவில், ஸ்காபை மூக்கோடு அழுத்திப் பிடித்தபடி, இருமி இருமி வந்தாள். கரண்டை முழுதாக அறுத்துவிட்டு, இரும்புக் கதவையும் இழுத்துச் சாத்திவிட்டுத்தான் வெளியேறியிருக்கிறாள். கதவு திறந்து கிடந்திருந்தால் நெருப்பு மண்டபத்தைத் தாண்டி அடுத்த வரிசை வீடுகளுக்குப் போயிருக்கும் என்று தீயணைப்பு அதிகாரி பிறகு சொன்னார்.

ஒருவரும் சாகவில்லை. பின்னறை எரிந்து விழுந்தது. சவுந்தரநாயகத்தின் படுக்கையறைச் சுவரின் பாதி அவருடைய கட்டிலின் மேல் சரிந்து கிடந்தது.

அடுத்த நாள் காலை ஐறீன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நிம்றா கட்டிலில் இருந்தாள். சளியோடு கறுப்பாக வந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் வைத்திருப்பார்கள்.

“எத்தனை செல்?” என்று ஐறீன் கேட்டாள்.

“மூவாயிரத்து இருநூறு.” அவள் மூச்செடுத்தாள். “நானா மட்டுந்தான் பிழை எண்டு எழுதாதீங்க, மிஸ். ஏசி நிண்டது எனக்குத் தெரியும். எந்த சுவிட்ச்சால நிப்பாட்டலாம் எண்டும் தெரியும். ரிசல்ட் போயிடுமே எண்டு நானும் நிப்பாட்டல்ல. சாவி ரெண்டு நாளா என்ட பைக்குள்ள ஈந்திச்சி.”

ஐறீன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவளிடம் கொடுத்தாள். அந்த வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தைப் பற்றித் தானும் சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை.

அலுவலகத்துக்கு வந்ததும் பற்றிக் சேர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“உங்கட பரிந்துரைத் தாள் இருக்குத்தானே, ஒபிஸ் எண்டு கையெழுத்து வைச்சது? நான் அதை பைல்ல இருந்து எடுத்திட்டன். நிகழ்ச்சி நிரலும் மாத்தியாச்சு. நீங்க திங்கட்கிழமை போனீங்க, பொய்த் தகவல் எண்டு கண்டுபிடிச்சீங்க, ஆக்களையும் காப்பாத்தினீங்க. அவ்வளவுதான் நடந்தது. விளங்குதா?”

“நான் பாக்காமக் கையெழுத்து வைச்சனான், சேர்.”

“நான்தான் வைக்கச் சொன்னது. ரெண்டு பேருக்கும் பிரச்சினை. உங்களுக்கு அடுத்த மாசம் இன்டர்வியூ.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஐறீன், நான் உங்களுக்கு நல்லதுதான் செய்றன்.”

அவர் மனதாரத்தான் சொன்னார் என்பதும் அவளுக்குத் தெரியும். அன்று பின்னேரம் வெள்ளவத்தையில் இருந்த தன் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றபடி, அந்தத் தாள் ஒருவருக்கும் தெரியாமல் போனால் யாருக்கு என்ன நட்டம் என்று யோசித்தாள். எவ்வளவு யோசித்தும், புவாத் ஒரு பொய்யன் என்பதோடு விஷயம் முடிந்துவிடும் என்பதில்தான் வந்து நின்றது. நாளைக்கு இன்னொருவன் இன்னொரு ஒழுங்கைக்குள் இன்னொரு இயந்திரத்தைக் கொண்டுவருவான். அவளோ, அவளைப் போல ஒருத்தியோ, அதே கட்டத்தில் அதே சொல்லை எழுதுவாள்.

புதன்கிழமை கொமிற்றியில் நீள மேசையைச் சுற்றி எட்டுப் பேர். தலைமை வகித்த அம்மையார் சிங்களத்தில் கதைத்தார். எல்லோரும் அப்படித்தான் கதைத்தார்கள். புவாத்தின் விண்ணப்பம் இரண்டு நிமிடத்தில் நிராகரிக்கப்பட்டது. அவன் மேல் வழக்குப் போடுவதென்றும் முடிவானது.

“இனி இப்படியான ஆராய்ச்சி எதற்கும் நகரத்துக்குள் இடமில்லை என்று ஒரு வரி சேர்ப்போம்” என்றார் பற்றிக் சேர். “கொலன்னாவைப் பக்கம் அனுப்பலாம். எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற இடம். அங்கே இருப்பவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்.”

இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஐறீன் கையை உயர்த்தினாள்.

“கொலன்னாவையிலும் படுக்கையறைச் சுவர்கள் இருக்கின்றன, மேடம். அங்கே தாங்கிகளுக்குப் பக்கத்தில் கடிதம் எழுதக்கூட நேரமில்லாத ஆட்கள் இருக்கிறார்கள். இடத்தை மாற்றினால் ஆபத்து மாறாது. ஆள்தான் மாறும்.”

“அப்போ என்ன செய்யச் சொல்கிறீர்கள்?”

“பெயரை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாருடைய சுவரோடு இருக்கிறது, தீயணைப்பு வண்டி வரமுடியுமா, இதை வைத்துத் தீர்மானிப்போம்.” அவள் நேரே அம்மையாரைப் பார்த்தாள். “இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த விண்ணப்பத்தை அலுவலகம் என்று பரிந்துரைத்தது நான். இடத்தைப் பார்க்காமலே, பார்த்ததாகக் கையெழுத்து வைத்தேன். அந்தத் தாள் இப்போது பைலில் இல்லை. ஆனால் நான் எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரரின் முறைப்பாடும் ஒன்பது நாளாக என் மேசையில் கிடந்தது.”

பற்றிக் சேர் பேனையின் மூடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

“இதை நீங்கள் ஏன் இங்கே சொல்கிறீர்கள்?” என்று அம்மையார் கேட்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினார்.

“அவர் பொய் எழுதினார், மேடம். ஆனால் உண்மையை எழுதியிருந்தாலும் அதைப் போட எங்கள் படிவத்தில் இடம் இல்லை. பொய்யை மட்டும் தண்டித்தால் அந்த இடம் அப்படியே இருக்கும்.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இரண்டு தீர்மானங்கள் சொன்னார். ஐறீன் மேல் விசாரணை நடக்கும். அந்தத் தாள் எங்கே போனது என்பதும் அதில் அடங்கும். அதே ஐறீன், சம்பந்தப்பட்டவர்களிடம் கருத்துக் கேட்டு, இரண்டு கிழமைக்குள் புதிய விதியின் வரைவைத் தர வேண்டும்.

“நீங்கள் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம்” என்றும் சொன்னார்.

“நினைக்கவில்லை, மேடம்.”

அறையை விட்டு வரும்போது பற்றிக் சேர் அவளைத் தாண்டிப் போனார். அதன் பிறகு அவளோடு அவர் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு கதைக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் ஐறீனின் மாடி வீட்டில், சாப்பாட்டு மேசையில் நிம்றாவும் அவளும் வரைவை விரித்துக்கொண்டு இருந்தார்கள். கீழ்மாடி டியூஷன் வகுப்பில் பிள்ளைகள் சேர்ந்து எதையோ ஒப்புவிக்கும் சத்தம். எத்தனை செல்லுக்கு மேல் தனிக் கட்டடம் வேண்டும், எவ்வளவு வெக்கையில் தானாகவே நிற்க வேண்டும் என்று நிம்றா கணக்குச் சொன்னாள். இடைக்கிடை இருமினாள்.

மணி அடித்தது. திறந்தால் புவாத். அவனையும் வரச்சொல்லி ஐறீன் கடிதம் அனுப்பியிருந்தாள். வருவான் என்று நினைக்கவில்லை. தாடி மழிக்காமல் இருந்தான். நிம்றாவைக் கண்டதும் வாசலிலேயே நின்றான்.

“நீயும் ஈக்கிறியா?”

“வாங்க, நானா.”

“நீ கதவத் திறக்காட்டி வியாழக்கிழமை வரைக்கும் தாங்கியிருக்கும்.”

“தாங்கியிருக்காது. அது உங்களுக்கும் தெரியும்.” நிம்றா எழும்பவில்லை. “திறக்காட்டி அந்த அங்கிள் கட்டில்லயே ஈந்திருப்பாரு. சுவர் எங்க விழுந்திச்சி எண்டு போய்ப் பாத்தீங்களா?”

புவாத் உள்ளே வந்தான். “தினமும் போறேன்” என்றான். “சுவர் கட்டிக் குடுக்கிற வேலை நடக்குது. முதல் நாள் அந்த ஆன்ட்டி கதவே திறக்கல்ல. நேத்து திறந்தா.” கதிரையை இழுத்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான். “நூறு எண்டு எழுதும்போது, பிறகு குறைச்சிடலாம் எண்டுதான் நினைச்சேன். ஒவ்வொரு கிழமையும் அப்பிடித்தான் நினைச்சேன்.”

ஐறீன் வரைவை அவன் பக்கம் தள்ளினாள். அவன் விரலை வைத்து வரி வரியாக வாசித்தான். தீயணைப்பு வண்டிக்கு வேண்டிய தெரு அகலம் பற்றிய நான்காவது பந்தியில் நின்றான்.

“இருபதடி ரோட் எல்லாருக்கும் எண்டு போட்டா, மிஸ், கொழும்புக்குள்ள ஒரு கெம்பஸ் பொடியனும் ஒரு செல்லக்கூடத் தொட ஏலாது. எல்லாரும் திரும்பவும் ஒளிச்சுத்தான் செய்வாங்க. நான் செஞ்ச மாதிரி.”

“அப்ப?”

“சின்னதுக்கு ஒரு அளவு வையுங்க. ஐம்பது செல்லுக்குள்ள எண்டா ஒபிஸ்லயும் செய்யலாம், ஆனா எண்ணி எழுதிக் குடுக்கோணும், நீங்க எப்ப வந்தாலும் திறக்கோணும். அதுக்கு மேல எண்டா ரோட், தனிச் சுவர், எல்லாம். சேத்து வைச்சிருக்கிற இடம் மட்டும் வீடுகளுக்குப் பக்கத்தில வேணவே வேணாம். எந்த வலயமா ஈந்தாலும்.”

நிம்றா ஐம்பதை முப்பது என்று திருத்தினாள். அவர்கள் இருவரும் அதைப் பற்றி அரை மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். ஐறீன் தேநீர் போடப் போனாள்.

விதி இடைக்காலச் சுற்றறிக்கையாக வெளிவர மூன்று மாதம் எடுத்தது. ஐறீன் எழுதிய ஆறு பந்தியில் நான்கு தப்பியிருந்தன. எண்ணிக்கை முப்பது என்றே இருந்தது. குடியிருப்புகளுக்கு அருகே சேமித்து வைக்கக் கூடாது என்ற தடை, கைத்தொழில் வலயங்களுக்கும் பொருந்தும் என்ற வரி ஒரு சொல்லும் மாறாமல் வந்திருந்தது. அதை வெட்டிவிடுவார்கள் என்றுதான் அவள் பயந்திருந்தாள்.

அதே கிழமை விசாரணையின் முடிவும் வந்தது. எழுத்து மூலமான கண்டனம், பதவி உயர்வு இரண்டு வருடத்துக்கு இல்லை, பதிவேட்டுப் பிரிவுக்கு இடமாற்றம். பற்றிக் சேர் முன்கூட்டியே ஓய்வு கேட்டுப் போய்விட்டார். ஐறீன் தன் மேசையை வெறுமையாக்கி ஒரு பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு கீழ்மாடிக்குப் போனாள். முதல் நாள் மத்தியானம் சாப்பிட மனமில்லாமல் இருந்தாள்.

மூன்று மணிக்கு நிம்றாவின் அழைப்பு வந்தது.

“மிஸ், ஆராய்ச்சிக்குப் புது இடம் கிடைச்சிட்டு. நகரத்துக்கு வெளிய, பழைய ஓட்டுத் தொழிற்சாலை. சுத்திவர வெறும் காணி. நானா கோர்ட்ல குற்றத்த ஒத்துக்கொண்டு தண்டமும் கட்டிட்டார். திரும்ப என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கார்.”

“போறீங்களா?”

“ஒரு நிபந்தனை போட்டேன். நிப்பாட்டுற சுவிட்ச் என்ட பொறுப்பு. யாரையும் கேக்க மாட்டேன் எண்டு எழுதி வாங்கினேன்.” பிறகு சொன்னாள், “செல் உள்ளுக்கு வர முன்ன நீங்க ஒருக்கா வந்து பாக்கோணும், மிஸ்.”

“நான் இப்ப அந்தப் பிரிவில இல்ல, நிம்றா. என்ர சொல்லுக்கு அங்க மதிப்பில்ல. புது ஒபிசர் வருவார்.”

“அவர் வருவாரு, அது வேற. நீங்க வாங்க. எனக்கு நீங்க பாத்தாத்தான் சரி.”

ஐறீன் மேசை நாட்காட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். சனிக்கிழமை வெறுமையாக இருந்தது.

“காலையில வாறன்” என்றாள். “பஸ் எங்க நிக்கும் எண்டு சொல்லுங்க.”